இலக்கம் மாறிய கைத்துப்பாக்கிகள்

யுத்தகாலத்துக் கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சேர்த்து வைப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருந்தொகையினர். பழைய நாணயங்களையும் முத்திரைகளையும் சேர்ப்போர் போன்றே இவர்களும் தமக்கெனச் சில வழக்கங்களை உடையவர்கள். புதிதாக ஒரு துப்பாக்கி கைக்கு வந்ததும் இவர்கள் முதலிற் செய்வது அதனைச் சுட்டுப் பார்ப்பதன்று. மேசையிலே துணியொன்றை விரித்து, துப்பாக்கியை உறுப்பு உறுப்பாகக் கழற்றி வைத்து, உருப்பெருக்குக் கண்ணாடியைக் கையிலெடுத்து, ஒவ்வோர் உறுப்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கத்தைப் படிப்பதே அவர்களுடைய முதல் வேலை.

எடுத்துக்காட்டாக, முதலாம் உலக மகாயுத்த காலத்து ஜேர்மனியத் துப்பாக்கி ஒன்றை எண்ணிக் கொள்வோம். அதன் சட்டத்தில் 4743 என்ற இலக்கம் காணப்படுகின்றது. குழலிலும் 4743. பக்கத் தகட்டிற் கடைசி இரு இலக்கங்களான 43. விசையிலும் 43. ஆனால், வெற்றுத் தோட்டாவைப் பற்றி இழுக்கும் சிறு கொக்கியில் மட்டும் 17 என்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. கொக்கி போலியன்று. அதே காலத்தில், அதே தொழிற்சாலையில், அதே உருக்கினாற் செய்யப்பட்டதுதான். ஆயினும் அது வேறொரு துப்பாக்கியுடன் பிறந்தது. இந்தப் பதினேழு இங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது?

சிறிய வினாவாகத் தோன்றும் இதற்கு விடை தேடப் புகுந்தால், ஒரு நூற்றாண்டின் யுத்தங்களும் உடன்படிக்கைகளும் ஆட்சி மாற்றங்களும் அந்த விடைக்குள்ளே அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

சேகரிப்போர் மிகுதியாக நாடும் துப்பாக்கிகளுள் லூகர் என்பது முதன்மையானது. ஹியூகோ போர்க்காட் என்பார் 1893ஆம் ஆண்டில் அமைத்த துப்பாக்கியை அடிப்படையாகக் கொண்டு, ஆஸ்திரியாவிற் பிறந்த ஜோர்ஜ் லூகர் என்பவர் இதனைத் திருத்தமாக உருவாக்கினார். மனிதனுடைய முழங்கால் மடங்கி நிமிர்வதுபோல இதன் மேற்புறத்து மூட்டு ஒவ்வொரு வெடிக்கும் மேலெழுந்து மடங்கி மீளும். சுவிற்சர்லாந்து 1900ஆம் ஆண்டில் இதனைத் தன் படைக்கு ஏற்றுக் கொண்டது. ஜேர்மன் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் ஏற்றன. தரைப்படையின் துப்பாக்கி 9 மில்லிமீற்றர் ரவைக்கு அமைந்தது. அதன் கைப்பிடிக்குள் நுழையும் ரவைக்கூடு எட்டு ரவைகளைக் கொள்ளும். பேர்லினிலிருந்த டி.டபிள்யூ.எம். என்னும் ஆயுத நிறுவனமும், எர்பூர்ட் நகரிலிருந்த அரச ஆயுதசாலையும் இதனைப் பெருந்தொகையாகச் செய்தன.

இந்தத் துப்பாக்கியின் உறுப்புகள் இயந்திரங்களிலே கடையப்பட்டவைதாம். ஆயினும் இயந்திரம் விட்ட குறையைக் கைவினைஞனின் அரமே தீர்த்து வைத்தது. ஒரு மூட்டு ஒரு சட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும்வரை அதனை மெல்ல மெல்லத் தேய்த்து அமைப்பார்கள். அவ்வாறு அமைத்த பின்னர் உறுப்புகளை மீண்டும் கழற்றி, உருக்கை வைரமாக்கும் சூளைக்கும், கருநீல மெருகேற்றும் தொட்டிக்கும் அனுப்புவார்கள். பல நூறு துப்பாக்கிகளின் உறுப்புகள் ஒரே இடத்திற் கலந்து கிடக்கும்போது, ஒன்றுக்கென அமைத்த உறுப்பு மற்றொன்றுக்குப் போய்விடலாகாது. ஆகவே பெரிய உறுப்புகளில் முழு இலக்கத்தையும், சிறிய உறுப்புகளில் அதன் கடைசி இரு இலக்கங்களையும் பொறித்தார்கள். அந்த இலக்கம் பிற்காலத்துச் சேகரிப்போருக்காக இடப்பட்டதன்று. பிரிந்த உறுப்புகள் மீண்டும் ஒன்று சேர்வதற்காக இடப்பட்ட அடையாளமே அது.

எர்பூர்ட் ஆயுதசாலையின் வழக்கம் இன்னும் நுட்பமானது. அங்கே மிகச் சிறிய உறுப்பிலுங்கூடப் பரிசோதகர் தம் முடிமுத்திரையைப் பதித்தார். ரவைக்கூட்டின் அடியிலும் துப்பாக்கியின் இலக்கம் இருந்தது. மாற்றாகக் கொடுக்கப்பட்ட இரண்டாவது கூட்டிற் கூட்டற் குறியொன்றும் சேர்த்து இடப்பட்டது. பிடியின் முன்புறத்திலே, துப்பாக்கி எந்தப் படைப்பிரிவுக்கு, எந்த அணிக்கு வழங்கப்பட்டது, அந்த அணியில் அது எத்தனையாவது ஆயுதம் என்பதையும் பொறித்து வைத்தார்கள். ஒரு சிறு துப்பாக்கியிலே ஓர் அலுவலகத்துக் கணக்கேடு முழுவதும் அடங்கியிருந்தது எனலாம்.

எனினும் இலக்கங்களைப் படிப்பதிலும் ஏமாற்றத்துக்கு இடமுண்டு. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் இலக்கம் ஒன்றிலிருந்து தொடங்கும். 10,000 நிறைந்ததும் ஓர் எழுத்தைப் பின்னாற் சேர்த்து மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அது முடிந்ததும் அடுத்த எழுத்து. ஆகவே 4743 என்ற இலக்கத்தையுடைய துப்பாக்கி உலகில் ஒன்றே ஒன்றென்று கருதுவது தவறு. ஆண்டு, எழுத்து, தொழிற்சாலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தாலன்றி இலக்கம் பொருள் தராது.

சிறிய உறுப்புகளில் இருப்பனவோ இரண்டு இலக்கங்கள் மட்டுமே. இரண்டு இலக்கங்களால் அமையக்கூடிய எண்கள் நூறு. எனவே எங்கிருந்தோ வந்த ஓர் அந்நிய உறுப்பு, நூற்றில் ஒரு முறை தற்செயலாகவே பொருந்தி நிற்கவும் கூடும். அவ்வாறாயின், பொருந்தாத 17 அந்நியன் என்று தெரிகின்ற அளவுக்கு, பொருந்தி நிற்கும் 43 உறவினன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வரலாற்றைப் படிப்போர் மனத்திருத்த வேண்டிய பாடம் இது. முரண்பாடு ஓர் உண்மையை வெளிப்படுத்தும். உடன்பாடோ உண்மையாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம், பின்னர் ஒருவர் வேண்டுமென்றே செய்த வேலையாகவும் இருக்கலாம்.

இனி, உறுப்புகள் கலந்த வரலாற்றை நோக்குவோம்.

முதற் காரணம் யுத்தமே. பதுங்குகுழியின் சேற்றிலும் மழையிலும் பல துப்பாக்கிகளை ஒருங்கே கழற்றித் துடைக்கும்போது, ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் புகுவது இயல்பு. கொக்கி உடைந்தால் படைப்பிரிவின் ஆயுதத் திருத்துநர், பழுதாய்க் கிடந்த இன்னொரு துப்பாக்கியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்துவார். அவருக்கு வேண்டியது மறுநாட் காலையில் வேலை செய்யும் ஆயுதம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவர் கண்ணாடியோடு வந்து இலக்கம் பார்ப்பார் என்பது அவர் நினைவில் எழுந்திருக்க நியாயமில்லை.

இரண்டாவது காரணம் சமாதானம். 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் படையை ஓர் இலட்சம் பேருக்கு மட்டுப்படுத்தியது. தோல்வியுற்றுத் திரும்பிய படைவீரர் பலர் ஆயுதங்களைத் தம்முடன் கொண்டு சென்றிருந்தனர். பொதுமக்களிடம் இருந்த போராயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென 1920ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஒரு சட்டம் பிறந்தது. அரசுக்குரிய துப்பாக்கிகளை அடையாளங் காண்பதற்காக அவற்றின் மேல் 1920 என்று பொறித்தார்கள். இதனால் 1917 என்னும் செய்த ஆண்டும், 1920 என்னும் உடைமை ஆண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் துப்பாக்கிகளை இன்றும் காணலாம். விவரம் அறியாதவர் இவ்விரு ஆண்டுகளையும் கண்டு, இரண்டு துப்பாக்கிகளை ஒன்றாக்கிய மோசடி என்று எண்ணுவர். உண்மையில் அது தோற்ற ஒரு நாட்டின் சட்டம் உருக்கில் எழுதப்பட்ட சாட்சியமாகும்.

புதிய துப்பாக்கிகளைத் தாராளமாகச் செய்வதற்கு அனுமதி இல்லாமையால், அக்காலத்துச் சிறு படை பழையவற்றைத் திருத்தியே பயன்படுத்திற்று. தேய்ந்த குழல் நீக்கப்பட்டுப் புதுக்குழல் வந்தது. மாற்றிய உறுப்பில் இருந்த பழைய இலக்கத்தைக் கோடிட்டு அடித்தும், தேய்த்து நீக்கியும், புதிய இலக்கத்தைப் பொறித்தார்கள். ஆகவே இலக்கம் மாற்றப்பட்டதெல்லாம் மோசடியென்று கொள்வதற்கில்லை. அரசாங்கமே தன் ஆயுதசாலையில் முறைப்படி மாற்றிய இலக்கங்களும் உள.

இவ்விடத்திலே ஒரு குடும்பத்தின் கதை குறுக்கிடுகின்றது. வெர்சாய் உடன்படிக்கைக்குப் பின்னர் ஜேர்மன் படைக்கு லூகர் துப்பாக்கிகளை வழங்கும் உரிமை, தூரிங்கியா மாநிலத்தின் சூல் நகரிலிருந்த சிம்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. எர்பூர்ட்டிலிருந்த இயந்திரங்களும் எஞ்சிய உறுப்புகளும் அங்கே சென்றன. இதனாலேயே சிம்சன் பெயர் தாங்கிய சில துப்பாக்கிகளில் எர்பூர்ட் பரிசோதகரின் முடிமுத்திரை காணப்படுகின்றது. முடியாட்சி 1918இல் வீழ்ந்துவிட்டது. முடியோ உறுப்புகளில் எஞ்சி நின்றது.

சிம்சன் குடும்பத்தினர் யூதர்கள். 1933ஆம் ஆண்டில் நாஸிகள் ஆட்சிக்கு வந்தபோது, ஜேர்மன் படைக்குத் துப்பாக்கி செய்து கொடுத்த இந்தக் குடும்பமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. தூரிங்கியாவின் நாஸித் தலைவர் பிரிட்ஸ் சவுக்கல் அவர்களை நெருக்கினார். 1936ஆம் ஆண்டளவில் தொழிற்சாலை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. குடும்பத்தவர் நாட்டை விட்டு வெளியேறினர். பறித்த சொத்து பின்னர் குஸ்ட்லொவ் என்னும் பெயருடைய நாஸி நிறுவனமாயிற்று. அதே நிறுவனம் யுத்தகாலத்திலே புக்கன்வால்ட் வதைமுகாமின் அருகே ஓர் ஆயுதத் தொழிற்சாலையை அமைத்து, கைதிகளைக் கொண்டு வேலை வாங்கியது. சவுக்கல் 1946ஆம் ஆண்டில் நூரம்பேர்க்கிலே தூக்கிலிடப்பட்டார்.

சிம்சன் என்ற பெயர் பொறித்த ஒரு மூட்டு, பிற்காலத்து வேறொரு தொழிற்சாலையின் சட்டத்தில் அமைந்திருப்பதைக் காணும் ஒருவர், ‘பொருந்தாத உறுப்பு’ என்று குறித்துக் கொண்டு அப்பாற் செல்லலாம். ஆனால் அந்தப் பெயர் எவ்வாறு தொழிலிலிருந்து மறைந்தது என்பதை அறிந்தவருக்கு, அந்தப் பொருந்தாமையே வரலாறாகின்றது.

பேர்லினிலிருந்த லூகர் இயந்திரங்கள் 1930ஆம் ஆண்டில் நெக்கர் நதிக்கரையிலுள்ள ஓபர்ன்டோர்வ் நகருக்கு, மௌசர் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் ஜேர்மனி மறைவாகத் தன் படையைப் பெருக்கிற்று. செய்தவர் பெயர் துப்பாக்கியிலிருந்து நீங்கி, அதனிடத்திலே எஸ் 42 என்ற மறைகுறி தோன்றியது. ஆண்டையும் மறைத்தார்கள். ‘கே’ என்ற எழுத்து 1934ஐயும், ‘ஜி’ என்ற எழுத்து 1935ஐயும் குறித்தன. மறைப்பதற்கு அவசியமில்லை என்ற துணிவு பிறந்த 1936 முதல் ஆண்டு வெளிப்படையாகவே வந்தது. ஓர் அரசின் அச்சமும் துணிவும் ஒரு துப்பாக்கியின் நெற்றியில் எழுதப்பட்டிருப்பது வியப்பன்றோ?

லூகர் செய்வதற்கு வேலையும் செலவும் மிகுதி. ஆதலால் 1938ஆம் ஆண்டில் வால்தர் நிறுவனத்தின் பி 38 என்னும் எளிய துப்பாக்கி ஏற்றுக் கொள்ளப்பட்டது. வால்தர், மௌசர், ஸ்பிரேவேர்க் ஆகிய மூன்று நிறுவனங்களும் அதனைச் செய்தன. யுத்தம் நெருக்கியபோது, நாஸிகள் கைப்பற்றிய பெல்ஜியத்திலும் செக் நாட்டிலும் இருந்த தொழிற்சாலைகள் அதன் உறுப்புகள் சிலவற்றைச் செய்து அனுப்பின. அடிமைப்பட்ட நாட்டின் உருக்கு ஆண்டவனின் ஆயுதத்திற் கலந்தது. 1945ஆம் ஆண்டு ஏப்ரலிற் பிரெஞ்சுப் படை ஓபர்ன்டோர்வைக் கைப்பற்றியது. அங்கே கிடந்த உறுப்புகளைக் கொண்டு, 1946 வரை பிரெஞ்சுக்காரர் தமக்கென அதே துப்பாக்கிகளைச் செய்வித்துக் கொண்டனர். சோவியத் படைகள் கைப்பற்றிய ஜேர்மன் துப்பாக்கிகளோ ஆயுதசாலைகளிலே மொத்தமாகக் கழற்றப்பட்டன. புது மெருகு பெற்று, கைக்கெட்டிய உறுப்பைக் கொண்டு பூட்டப்பட்டு, இலக்கம் மாற்றிப் பொறிக்கப்பட்டுக் களஞ்சியத்தில் அடுக்கப்பட்டன. இவ்வாறு வந்த ஒன்றில் நான்கு துப்பாக்கிகளின் உறுப்புகள் கூடி வாழ்வதும் உண்டு.

அமெரிக்காவிலே கதை முற்றும் வேறு. அங்கே உறுப்புகள் கலப்பதைக் குறையென்று கருதவில்லை. கலக்கக்கூடியதாக இருப்பதே சிறப்பு என்று கருதினார்கள். கனெற்றிக்கட் மாநிலத்தவரான சிமியன் நோர்த் என்பார் 1813ஆம் ஆண்டில் 20,000 கைத்துப்பாக்கிகளைச் செய்து கொடுப்பதற்கு அரசாங்கத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். அவற்றுள் எதன் உறுப்பும் ஏனைய எதற்கும் பொருந்தல் வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. அரத்தினாலே தேய்த்துப் பொருத்தும் கைவினைஞனின் இடத்தை அளவுக் கருவி எடுத்துக் கொள்ளத் தொடங்கிய காலம் அது. பின்னாளிற் கடிகாரத்தையும் தையல் இயந்திரத்தையும் மோட்டார் வண்டியையும் உலகெங்கும் மலிவித்த உற்பத்தி முறையின் வேர்களுள் ஒன்று, இந்தத் துப்பாக்கிப் பட்டறைகளிலேயே இருந்தது.

அம்முறையின் முழு வளர்ச்சியை 1911ஆம் ஆண்டில் ஏற்றுக் கொள்ளப்பட்ட கோல்ற் துப்பாக்கியிற் காணலாம். ஜோன் பிரௌணிங் வகுத்த அதன் சட்டத்தில் மட்டுமே படைத்துறையின் தொடரிலக்கம் முக்கியம். சிறிய உறுப்புகளில் அத்தகைய இலக்கம் இல்லை. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது அதனைச் செய்தோர் யாவர்? கோல்ற் ஒன்று. வேட்டைத் துப்பாக்கி செய்த இதாக்கா ஒன்று. தட்டெழுத்துப் பொறி செய்த றெமிங்டன் றான்ட், ரெயில்பாதைச் சைகைக் கருவி செய்த யூனியன் சுவிட்ச் அன்ட் சிக்னல் ஆகியன ஏனையவை. நம் வீடுகளிற் பழக்கமான சிங்கர் தையல் இயந்திர நிறுவனமும் 1941ஆம் ஆண்டில் பயிற்சிக் கட்டளையாக 500 துப்பாக்கிகளை மட்டும் செய்து கொடுத்தது.

இவற்றுட் பலவற்றின் குழல்களை ஹை ஸ்டாண்டர்ட் போன்ற வேறு நிறுவனங்கள் செய்து வழங்கின. ஆகையால் றெமிங்டன் றான்ட் சட்டத்தில் ஹை ஸ்டாண்டர்ட் குழல் இருந்தால், அது பின்னாளிற் கலந்ததன்று, பிறவியிலேயே அவ்வாறு அமைந்தது. பொருந்தாதது போலத் தோன்றுவதே அங்கே முதற்கோலம். அதனை நீக்கிவிட்டு ‘ஒரே பெயர்’ உடைய குழலைத் தேடிப் பொருத்துபவர், திருத்துவதாக எண்ணிக் கெடுத்தவராவார்.

1945ஆம் ஆண்டுக்குப் பின்னர் அமெரிக்கப் படை இத்துப்பாக்கியைப் புதிதாக வாங்கவில்லை. ஆயினும் கொரியாவிலும் வியட்நாமிலும் அதுவே பயன்பட்டது. 1985ஆம் ஆண்டிலேதான் அதற்குப் பதிலாக வேறொன்று தெரிவாயிற்று. இந்த நாற்பது ஆண்டுகளும் பழையவற்றைத் திருத்தியே காலங் கழித்தார்கள். அகஸ்டா, றொக் ஐலண்ட் முதலிய ஆயுதசாலைகளில் அவற்றைக் கழற்றித் தொட்டி தொட்டியாகக் கொட்டி, தேய்ந்ததை விலக்கி, நல்லதை எடுத்துப் பூட்டினார்கள். இதாக்காவின் சட்டத்தில் கோல்ற்றின் மேலுறை ஏறியது. இரு யுத்தங்களின் உறுப்புகள் ஒரு பிடிக்குள் அடங்கின. திருத்திய ஆயுதசாலை தன் பெயரின் முதலெழுத்துகளைச் சட்டத்தில் இட்டு அனுப்பியது. அந்த எழுத்துகளைக் காண்பவர், கலப்பு எங்கே, யாரால் நேர்ந்தது என்பதை ஊகிக்க இடமுண்டு.

இங்கேதான் சேகரிப்போரின் சந்தை ஒரு சோதனையை உண்டாக்குகின்றது. எல்லா இலக்கங்களும் ஒத்து நிற்கும் லூகருக்கு விலை மிகுதி. ஓர் உறுப்பு மாறினாலும் விலை வீழும். ஐந்நூறே செய்யப்பட்ட சிங்கர் துப்பாக்கிக்கோ விலை சொல்ல வேண்டியதில்லை. விலை இருக்கும் இடத்திலே ஆசை இருக்கும். ஆசை இருக்கும் இடத்திலே அரமும் பொறியுளியும் வேலை செய்யத் தொடங்கும். 17ஐத் தேய்த்து 43 என்று பொறிப்பவர் உளர். சாதாரணத் துப்பாக்கியைச் சிங்கர் என்று காட்ட முயன்றவர்களும் உளர். எழுத்தின் வடிவம், பொறித்த ஆழம், எழுத்தைச் சுற்றி உருக்குச் சற்றே மேலெழுந்த விளிம்பு, மெருகு இலக்கத்துக்கு முன் வந்ததா பின் வந்ததா என்னும் நுட்பம் ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்தவர் இதனைக் கண்டுபிடிப்பதுண்டு. ஆனால் ஒரு முறை தேய்க்கப்பட்ட 17 மீண்டும் வராது. அந்தக் கொக்கி எந்தப் பயணத்தின் வழியே அங்கே வந்தது என்று கேட்பதற்கு இருந்த ஒரே தடயமும் அழிந்துவிடும்.

ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த பெரியோர்களை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருந்தும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்பு நோக்கினார்கள். ஒரு சுவடியினுள் வேறொரு சுவடியின் ஏடு புகுந்திருப்பதும், ஏடெழுதுவோன் தனக்கு விளங்காததைத் தன் மனம்போலத் திருத்தி வைப்பதும் சுவடியுலகில் அரியனவல்ல. முன்னையது ஆராய்வோருக்குச் சிக்கல். பின்னையது ஆபத்து. புகுந்த ஏட்டை அடையாளங் கண்டு பிரிக்கலாம். மனம்போலத் திருத்தியதோ மூலத்தின் வேடத்தைப் பூண்டு நின்றுவிடும். துப்பாக்கியின் இலக்கத்துக்கும் இந்த நியாயமே ஏற்கும்.

ஆகவே நேர்மையான சேகரிப்பாளர் இலக்கம் மாறிய உறுப்பை இருந்தவாறே விட்டு, தம் குறிப்பேட்டில் ‘கொக்கி 17, ஏனையவை 43’ என்று எழுதி வைப்பர். விலை குறையினும் உண்மை குறையாது. சில அரும்பொருட்சாலைகளில் எல்லா உறுப்பும் ஒத்து, மெருகு குன்றாமல், புத்தம் புதிதுபோல விளங்கும் துப்பாக்கிகளைக் காணலாம். அவற்றுட் பல யுத்தத்தைக் கண்டிராதவை என்று கொள்வதற்கும் இடமுண்டு. சேற்றிற் கிடந்து, உடைந்து, திருத்தப்பட்டு, கை மாறிக் கை மாறி வந்தவையே பெரும்பாலும் இலக்கம் மாறியவை.

இவை மனிதரைக் கொல்வதற்கெனச் செய்யப்பட்ட கருவிகள் என்பதையும் மறத்தலாகாது. ஒரு துப்பாக்கியிற் புகுந்த பதினேழாம் இலக்கக் கொக்கி, தனக்குரிய துப்பாக்கியை விட்டு வந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தத் துப்பாக்கி உடைந்திருக்கலாம். அதனை வைத்திருந்தவன் வீழ்ந்திருக்கலாம். அவன் சரணடைந்து, ஆயுதக் குவியலொன்றில் அதனை எறிந்துவிட்டுக் கைகளை உயர்த்தியபடி நடந்து சென்றுமிருக்கலாம். அவனுடைய பெயர் எந்த ஏட்டிலும் இப்பொழுது இல்லாதிருக்கலாம். எஞ்சியிருப்பது இரண்டு இலக்கங்கள் மட்டுமே. அவற்றைத் தேய்த்துவிடாமல் வைத்திருப்பது, பின்வருவோர் அவனைப் பற்றி வினவுவதற்கு ஒரு வழியைத் திறந்து வைப்பதாகும்.